ஷைனியின் எலும்பும் நான் சொல்லாமல் விட்ட மாத்திரையும்

ஆல்வின், ஷைனி, இதை உங்கள் இருவருக்கும்தான் எழுதுகிறேன். நான் பத்தாவது வரை படித்தவன். கடையில் பில் எழுதியதைத் தவிர இத்தனை பக்கம் எழுதிப் பழக்கமில்லை. எழுத்துப் பிழை இருந்தால் ஆல்வின் திருத்திக்கொள்ளட்டும். விஷயத்தை மட்டும் திருத்த வேண்டாம்.

போன ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வெளியே வந்தபோது, பாடகர் குழு டீச்சர் ஷைனியின் காலைப் பற்றி விசாரித்தார். "எங்கப்பா மெடிக்கல் ஷாப்ல இருக்காரு இல்ல டீச்சர், அவருதான் சீக்கிரமா கண்டுபிடிச்சாரு" என்று நீ சொன்னாய், ஷைனி. டீச்சர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். நானும் சிரித்து வைத்தேன். உங்கள் அம்மா வெறுங்காலோடு முன்னால் நடந்து போய்விட்டாள்.

நான் சீக்கிரமாகக் கண்டுபிடிக்கவில்லை. தாமதமானதற்குக் காரணமே நான்தான். அம்மாவுக்கு இது தெரியும். உங்களுக்குச் சொல்ல அவளுக்கு மனமில்லை, எனக்குத் தைரியமில்லை. இப்போது சொல்கிறேன்.

மந்தைவெளியில் என் முதலாளி பாயின் மருந்துக் கடையில் நான் கவுண்டரில் நிற்க ஆரம்பித்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. வருகிறவர்களில் பாதிப் பேர் டாக்டர் சீட்டோடு வர மாட்டார்கள். ஜுரம், உடம்பு வலி, ரெண்டு வேளைக்குக் கொடுங்கள் என்பார்கள். நான் மாத்திரை அட்டையை எடுத்துக் கத்தரிக்கோலால் வெட்டிக் கொடுப்பேன். மருந்தின் பெயரும் தேதியும் அச்சடித்த பக்கத்தைக் கடையில் வைத்துக்கொள்ள வேண்டும். அப்போதுதான் மிச்சத்தை அடுத்தவருக்கு விற்க முடியும். அதனால் வாங்கிப் போகிறவர் கையில் இருப்பது பெயரில்லாத நாலு மாத்திரை. என்ன சாப்பிடுகிறோம் என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். தெருவில் என்னை 'டாக்டர் அண்ணே' என்று கூப்பிடுவார்கள். கேலியாகத்தான் ஆரம்பித்தது. வருடங்கள் போகக் கேலி போய்விட்டது, பெயர் மட்டும் நின்றுவிட்டது. அது எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் எழுதி விடுகிறேன்.

ஆகஸ்ட் கடைசியில் பெசன்ட் நகர் மாதா கோயில் கொடியேற்றத்துக்கு நாம் நாலு பேரும் சாந்தோமிலிருந்து நடந்து போனோமே, ஞாபகம் இருக்கும். வெறுங்காலோடு நடப்பது அம்மாவின் வேண்டுதல். அவள் பிறந்த வீட்டு வழக்கம். அடையாறு பாலம் ஏறும்போதே ஷைனிக்குக் குதிகாலில் கொப்புளம். வீட்டுக்கு வந்தபின் உடைந்தது, ரெண்டு மூணு நாள் சீழ் வைத்தது, காய்ந்துவிட்டது. எல்லாரும் மறந்துவிட்டோம்.

ரெண்டு வாரம் கழித்து, பள்ளியில் கோகோ விளையாடிவிட்டு வந்த ஷைனி இடது முழங்காலுக்குக் கீழே வலிக்கிறது என்றாள். அமுக்கிப் பார்த்தேன். வெளியே வீக்கம் இல்லை, காயம் இல்லை. "மேல இல்லப்பா, உள்ள வலிக்குது" என்று சொன்னாள். அந்த வார்த்தையை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. விளையாட்டில் சதை பிடித்திருக்கும் என்று தைலம் தேய்த்தேன். மறுநாள் ஜுரம் வந்தது. ஜுர மாத்திரை கொடுத்தேன். அதற்கும் அடங்கவில்லை என்றதும் கடையிலிருந்து ஆன்டிபயாடிக் நாலு வெட்டிக்கொண்டு வந்தேன். ரெண்டு நாளில் ஜுரம் விட்டது, வலியும் குறைந்தது. மிச்சம் மாத்திரை எதற்கு என்று நிறுத்திவிட்டேன்.

பத்து நாளில் திரும்ப வந்தது. இந்தத் தடவை ஆறு மாத்திரை. திரும்பவும் அடங்கியது. அம்மா டாக்டரிடம் காட்டலாம் என்றாள். அவள் கோபாலபுரத்துப் பள்ளியில் ஆயா வேலைக்கு லீவு போட வேண்டியிருக்கும். "நான் எதுக்கு இருக்கேன்?" என்று கேட்டேன். அவள் டிபன் பாக்ஸைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். அவளிடம் கூட அது ஆன்டிபயாடிக் என்று சொல்லவில்லை. பெயரில்லாத துண்டு அட்டைதானே, ஜுர மாத்திரை என்றேன்.

மூன்றாம் தடவை, அக்டோபரில் ஒரு காலை, ஷைனி கட்டிலைவிட்டு இறங்கி இடது காலை ஊன்றவே முடியாமல் உட்கார்ந்துவிட்டாள். முழங்காலுக்குக் கீழே பளபளவென்று வீங்கியிருந்தது. தொட்டால் சுட்டது. ஆட்டோவில் அவளை மடியில் படுக்க வைத்துக்கொண்டு அடையாறு பக்கம் இருக்கும் டிரஸ்ட் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

எக்ஸ்ரே எடுத்தார்கள். அந்தப் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். எலும்பு வெள்ளையாகத்தான் தெரிந்தது, ஒரு இடத்தில் மட்டும் கரையான் அரித்த மரம் மாதிரி இருந்தது. பெரிய டாக்டர் ஒரு அம்மா, என் வயதுதான் இருக்கும். எலும்புக்குள் கிருமி போயிருக்கலாம், ஆஸ்டியோமைலிட்டிஸ் என்று பெயர் என்றார். இருபத்திரண்டு வருடத்தில் அந்த வார்த்தையை நான் எத்தனையோ சீட்டுகளில் பார்த்திருக்கிறேன். அர்த்தம் கேட்டதில்லை.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்தபடி உங்களுக்குச் சொல்கிறேன். எலும்பு என்றால் காய்ந்த குச்சி என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. அதற்குள்ளே ரத்தம் ஓடுகிறது, மஜ்ஜை இருக்கிறது, உயிருள்ள பொருள் அது. பிள்ளைகளின் கால் எலும்பு வளர்வது முழங்காலை ஒட்டிய நுனியில். அங்கே ரத்தக் குழாய்கள் மிகச் சிறியவை, வளைந்து திரும்புபவை. பெரிய சாலையில் வேகமாக வந்த வண்டி சந்துக்குள் திரும்பும்போது மெதுவாகிறதே, அதுபோல ரத்தம் அங்கே மெதுவாகிறது. குதிகால் புண்ணிலோ வேறு எங்கேயோ ரத்தத்தில் ஏறிய கிருமி அந்த இடத்தில் தங்கிவிடுகிறது. அதோடு சண்டை போட உடம்பு வெள்ளணுக்களை அனுப்புகிறது. சீழ் சேர்கிறது. தோலில் கொப்புளம் என்றால் உடைந்து வெளியே வந்துவிடும். எலும்பின் சுவர் கெட்டி. சீழுக்குப் போக வழி இல்லை. உள்ளேயே அழுத்துகிறது. அதனால்தான் 'உள்ள வலிக்குது' என்று நீ சொன்னாய், ஷைனி. அழுத்தம் கூடினால் ரத்த ஓட்டம் நிற்கிறது, ரத்தம் போகாத எலும்புத் துண்டு செத்துப்போகிறது. மருந்து ரத்தத்தின் வழியாகத்தான் போக வேண்டும். செத்த துண்டுக்கு ரத்தம் போகாது, மருந்தும் போகாது. கிருமி அங்கே பத்திரமாக உட்கார்ந்துகொள்ளும். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயிலும் ஒன்றும் தெரியாதாம்.

எந்தக் கிருமி என்று தெரிந்தால்தான் எந்த மருந்து என்று தெரியும். அதற்காக ரத்தம் எடுத்தார்கள், வீங்கிய இடத்தில் ஊசி போட்டுத் துளி நீர் எடுத்தார்கள். அதை வைத்துக் கிருமி வளர்கிறதா என்று பார்ப்பதற்குக் கல்ச்சர் என்று பெயர். எடுப்பதற்கு முன் சின்ன டாக்டர் ஒருவர் நோட்டை வைத்துக்கொண்டு கேட்டார். இதற்கு முன் புண் ஏதாவது இருந்ததா? அம்மா கொப்புளத்தைச் சொன்னாள். மருந்து ஏதாவது கொடுத்தீர்களா? நான் முந்திக்கொண்டேன்.

"பாராசிட்டமால் மட்டும்தான் சார்."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை யோசிக்கிறேன். மருந்துக் கடையில் வேலை என்று அப்போதுதான் பெருமையாகச் சொல்லியிருந்தேன். அதற்குப் பிறகு அந்தப் பத்து மாத்திரையைச் சொல்ல வாய் வரவில்லை. அவ்வளவுதான். பெரிய காரணம் எதுவும் இல்லை.

அன்றிலிருந்து அம்மா தன்னையே குற்றம் சொல்ல ஆரம்பித்தாள். ஷைனி, வார்டில் உன் கட்டில் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து, நீ தூங்கும் நேரமெல்லாம் அதையே சொன்னாள். "நான்தான் செருப்ப கழட்டுன்னு சொன்னேன். மாதாவா கேட்டாங்க? நான்தான் கேட்டேன். எனக்கு வேண்டுதல்னா நான் நடக்கணும், புள்ளைய ஏன் இஸ்துக்கினு போவணும்?" நான் அவள் தோளைத் தட்டிக் கொடுத்தேன். தட்டிக் கொடுக்கும் கை யாருடையது என்று எனக்குத் தெரியும்.

அந்த நாட்களில் ஆல்வின் செய்ததை எழுதாமல் விட முடியாது. பள்ளி விட்டதும் சாப்பாட்டு கேரியரோடு பஸ் பிடித்து வருவான். அவனே வைத்த ரசத்தில் உப்பு ரெண்டு தடவை விழுந்திருக்கும். தங்கையின் வகுப்பில் நடந்த பாடத்தை அவள் தோழியிடம் வாங்கி அவள் நோட்டில் காப்பி எடுத்து வைப்பான். அவள் எப்போது பள்ளிக்குப் போவாள் என்று டாக்டருக்கே தெரியாத நாளில், அவளுடைய யூனிஃபார்மை இஸ்திரி போட்டு ஆணியில் மாட்டியிருந்தான். பாய் ரெண்டு நாளைக்கு ஒருமுறை ஃபோன் செய்து, கடையைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், "புள்ள சாப்பிட்டுச்சா?" என்று மட்டும் கேட்பார். பில்லுக்கு அவரும் நம் சர்ச் பங்கில் இருப்பவர்களும் கை கொடுத்தார்கள். அந்தக் கணக்கு வேறு, இதில் எழுதவில்லை.

மூன்றாம் நாள் கல்ச்சரில் ஒன்றும் வளரவில்லை என்று சொன்னார்கள். ஷைனி, உன்னை ஸ்கேனுக்கு அழைத்துப் போனார்கள். வெளியே வந்து, கல்யாண மண்டப ஜெனரேட்டருக்குள் படுத்த மாதிரி இருந்தது என்று சொல்லிச் சிரித்தாய். அன்று மாலை பெரிய டாக்டர் எங்கள் இருவரையும் தனியாகக் கூப்பிட்டார்.

கிருமி என்றால் இந்நேரம் கல்ச்சரில் பெரும்பாலும் தெரிந்திருக்கும் என்றார். மருந்து எதுவும் முன்னால் கொடுக்காத குழந்தைக்குத் தெரியவில்லை என்றால் வேறு மாதிரியும் யோசிக்க வேண்டும். எலும்பில் வரும் சில கட்டிகள் பார்ப்பதற்கு இப்படியே இருக்கும், ஜுரம் கூட வரும். அதனால் ஆபரேஷன் செய்து ஒரு துண்டு எடுத்து அது கட்டியா என்றும் பரிசோதிக்க வேண்டும்.

"கட்டின்னா?" என்று அம்மா கேட்டாள்.

டாக்டர் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. முடிவு வரும்வரை அதைப் பற்றிப் பேச வேண்டாம் என்றார். அதிலேயே அம்மாவுக்குப் புரிந்துவிட்டது.

வராண்டாவில் வந்து நின்றதும் அம்மா செருப்பைக் கழற்றினாள். பிளாஸ்டிக் கவரில் போட்டுப் பையில் வைத்துக்கொண்டாள். இவள் நடக்கும்வரை நான் போட மாட்டேன் என்றாள். அதற்குப் பிறகு அவள் வேண்டிக்கொண்டது என் காதில் விழுந்தது. "மாதாவே, இது என் தப்பாவே இருக்கட்டும். கொப்புளத்தால வந்ததாவே இருக்கட்டும். வேற எதுவும் வேணாம்."

ஷைனி, இந்த இடத்தைத்தான் நீ கவனமாகப் படிக்க வேண்டும். கல்ச்சரில் ஏன் வளரவில்லை என்று அந்த ஆஸ்பத்திரியில் ஒருவனுக்குத் தெரியும். அரைகுறையாக விழுங்கிய மாத்திரை கிருமியைக் கொல்லாது, ஆனால் அதைப் பரிசோதனைக்கு அகப்படாமல் அமுக்கி வைக்கும். இதை ஒருமுறை கடைக்கு வந்த மருந்துக் கம்பெனிக்காரர் எனக்கே விளக்கியிருக்கிறார். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உன் அம்மாவின் பயம் பாதியாகக் குறைந்திருக்கும். நான் பக்கத்தில் நின்றுகொண்டு, டீ வாங்கி வரவா என்று கேட்டேன்.

பக்கத்துக் கட்டிலில் பட்டினப்பாக்கத்திலிருந்து வந்த செல்வி அக்கா இருந்தார். மீன் கடை வைத்திருப்பவர். அவர் மகளுக்குக் கை முறிந்து கட்டுப் போட்டிருந்தார்கள். மறுநாள் மதியம் என்னை உற்றுப் பார்த்தார்.

"அட, மந்தவெளி மெடிக்கல் அண்ணன் தானே நீ? இன்னாண்ணே, டாக்டரே வந்து ஆஸ்பத்திரில குந்திக்கினுகீற?"

அம்மாவே அன்று முதல் தடவையாகச் சிரித்தாள். செல்வி அக்காவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. அம்மாவிடம் என்னைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். "ஒன் வூட்டுக்காரரு கத்திரிய எடுத்தாப் போதும்மா, ஜுரம் ஓடிப்பூடும். நாலு மாத்திர, அவ்ளோதான். எங்க குப்பத்துல பாதிப் பேரு இவராண்டதான் வாங்கிக்கினு போவோம். டாக்டராண்ட போனா நாலு டெஸ்டு எழுதுவாங்கோ."

அவர் புகழ்ந்துதான் சொன்னார். அம்மாவின் சிரிப்பு நின்றுவிட்டது. செல்வி அக்கா தண்ணீர் பிடிக்கப் போனதும் அம்மா என் பக்கம் திரும்பினாள்.

"நீ புள்ளைக்கு எதுனா குடுத்தியா?"

"ஜுர மாத்திரதான்."

"வேற?"

"இல்ல."

மூன்றாவது பொய். நம்பினாளா என்று எனக்குத் தெரியாது.

அடுத்த நாள் காலை ஆபரேஷன். அதற்கு முன் கையெழுத்துப் போட ஒரு தாள் கொடுத்தார்கள். மயக்க மருந்து கொடுப்பவர் கேட்கும் விவரமெல்லாம் அதில் இருந்தது. கடந்த ஒரு மாதத்தில் எடுத்த மருந்துகள் என்று ஒரு வரி, பக்கத்தில் கோடு. பேனாவை வைத்துக்கொண்டு அந்தக் கோட்டையே பார்த்தேன். தப்பாக எழுதினால் மயக்கத்தில் உனக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம் வந்தது. உண்மை சொல்ல வேண்டும் என்று வந்த நல்ல புத்தி என்று நினைத்துக்கொள்ளாதே. பயம்தான் என் கையைப் பிடித்து எழுத வைத்தது. மருந்தின் பெயரை எழுதினேன். முதலில் நாலு, பிறகு ஆறு என்று எழுதினேன். எழுதிய தாளோடு பெரிய டாக்டரிடம் போனேன். அம்மாவும் கூடவே வந்தாள்.

டாக்டர் படித்தார். எந்தத் தேதியில், எத்தனை வேளை என்று கேட்டார். சொன்னேன். எழுதிக்கொண்டார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"இத அன்னிக்கே சொல்லியிருந்தா, கட்டின்ற பேச்சையே நான் இவ்வளவு சீக்கிரம் எடுத்திருக்க மாட்டேன். ஒங்க வொய்ஃப் ரெண்டு நாளா சாப்பிடலன்னு சிஸ்டர் சொன்னாங்க" என்றார். பிறகு, ஆபரேஷன் எப்படியும் வேண்டும், சீழை எடுக்காமல் விட முடியாது, சந்தேகத்துக்காகத் துண்டையும் அனுப்பத்தான் போகிறேன் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அம்மா வராண்டா பெஞ்சில் உட்கார்ந்தாள். நான் நின்றுகொண்டே இருந்தேன்.

"இத்தன நாளா நான் செருப்பப் பத்தியே பொலம்பிக்கினு இருந்தேன். நீ கேட்டுக்கினே இருந்த."

இதைத்தான் சொன்னாள். இதற்கு மேல் இன்றுவரை எதுவும் சொன்னதில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

எலும்பில் சின்னதாக ஜன்னல் மாதிரி வெட்டி, உள்ளே இருந்த சீழைக் கழுவி எடுத்தார்கள். அரிசி மணி அளவு எலும்பு செத்துப் போயிருந்தது, அதையும் எடுத்தார்கள். மயக்கம் தெளிந்ததும், ஜன்னலுக்குப் பதிலாகக் கதவு வைத்திருந்தால் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்திருப்பேன் என்று டாக்டரிடம் சொன்னாயே, அந்த ஜன்னல்தான். உள்ளே ஆழத்திலிருந்து எடுத்ததில் கிருமி வளர்ந்தது. தோலில் சாதாரணமாக இருக்கும் கிருமிதான். கட்டி இல்லை என்ற முடிவு நாலு நாள் கழித்து வந்தது. அம்மா அந்தத் தாளை மடித்து ஜெபமாலையோடு வைத்துக்கொண்டாள்.

பிறகு ரெண்டு வாரம் ஊசி, நாலு வாரம் மாத்திரை. மொத்தம் ஆறு வாரம். ஜுரம் விட்டாலும் நிறுத்தக் கூடாது, ஒரு வேளை தவறக் கூடாது என்றார்கள். எலும்புக்குள் மருந்து மெதுவாகத்தான் ஊறும். அந்த நாலு வாரமும் கடிகாரத்தைப் பார்த்து நான்தான் கொடுத்தேன். அட்டையை வெட்டவில்லை, முழு அட்டையும் பெயரோடு உன் தலைமாட்டில் இருந்தது. வயிற்றைப் புரட்டுகிறது என்று ஒருநாள் துப்பிவிட்டாய். நான் போட்ட சத்தத்தில் ஆல்வின் ஓடி வந்தான். உனக்குக் கோபம் வந்திருக்கும். அது உன்மேல் போட்ட சத்தம் இல்லை.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரிடம் கேட்டேன், முதல் தடவை வலி வந்தபோதே கூட்டி வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று. வெட்டாமலே ஊசியில் சரியாகியிருக்க வாய்ப்பு உண்டு என்றார். புண் இருந்தது எலும்பு வளரும் இடத்துக்குப் பக்கத்தில் என்பதால், நீ வளர்ந்து முடிக்கும்வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரெண்டு காலையும் அளந்து பார்க்க வேண்டும். ஒரு கால் கொஞ்சம் குட்டையாகலாம். ஆகாமலும் போகலாம். உன்னை ஏன் சுவரோரம் நிற்க வைத்து அடிக்கடி பார்க்கிறேன் என்று கேட்பாயே, அதற்கு இதுதான் பதில்.

இப்போதும் கடையில் அதே கவுண்டரில்தான் நிற்கிறேன். ஆன்டிபயாடிக் என்றால் சீட்டுக் கேட்கிறேன். சீட்டு இருந்தால் எழுதியது முழுவதையும் கொடுக்கிறேன். சிலர் முறைத்துவிட்டு அடுத்த கடைக்குப் போகிறார்கள். செல்வி அக்கா ஒருநாள் வந்து, "இன்னாண்ணே, இப்போ நெஜமாவே டாக்டர் ஆயிட்டியா?" என்று கேட்டுவிட்டுப் போனார். பாய் தடுக்கவில்லை. இருபத்திரண்டு வருடம் நான் வெட்டிக் கொடுத்த அட்டைகளை யார் வீட்டில் யார் விழுங்கினார்கள், அவர்களில் யாருக்கு 'உள்ளே' வலித்தது, எனக்குத் தெரியாது. இனித் தெரிந்துகொள்ளவும் வழியில்லை.

ஷைனி நடக்க ஆரம்பித்து ஒரு மாதம் ஆகிறது. அம்மா இன்னும் செருப்புப் போடவில்லை. நடக்கிறாளே என்று ஒருநாள் சொன்னேன். "ஓடட்டும்" என்றாள். வெறுங்காலோடுதான் கோபாலபுரம் போய் வருகிறாள். குதிகாலில் வெடிப்பு விழுந்திருக்கிறது. கொப்புளம் இருக்கிறதா என்று அவள் தூங்கும்போது பார்த்துக்கொள்கிறேன்.

நேற்று மதியம் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தேன். நீங்கள் இருவரும் பள்ளியில், அம்மா வேலையில். கட்டிலுக்கு அடியில் ஆஸ்பத்திரிப் பை அப்படியே இருந்தது. அதற்குள் அந்த பிளாஸ்டிக் கவர், கவருக்குள் அவள் செருப்பு. வராண்டாத் தூசி அதில் காய்ந்து ஒட்டியிருந்தது. குழாயடியில் உட்கார்ந்து, பழைய பல் துலக்கும் பிரஷால் சோப்புப் போட்டு, வார் இடுக்கெல்லாம் தேய்த்துக் கழுவினேன். மாடிச் சுவரில் வெயிலில் வைத்து, காயும்வரை பக்கத்திலேயே நின்றேன். பிறகு கீழே கொண்டுவந்து வாசல் படியோரம், அவள் கால் நுழைக்கத் தோதாக வெளிப்பக்கம் பார்த்த மாதிரி ஜோடி சேர்த்து வைத்தேன். சாப்பிடாமலே கதவைப் பூட்டிக்கொண்டு கடைக்குப் போய்விட்டேன்.